அத்தையை விட்டுவிட்டுப் போக வேண்டுமா? ஆப்பிரிக்கச் சஃபாரிக்கு முன் ஒரு வாசகியின் கேள்விகள்

கோவையிலிருந்து 41 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளங்களையும் நீக்கிச் சுருக்கமாகத் தருகிறேன். வரும் மே மாதத்தின் முதல் பாதியில், கணவர், 6 வயது மகன், 68 வயது மாமியார் ஆகியோருடன் 11 நாள் சஃபாரிப் பயணம் செல்ல அவர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார். பயண முகவர் வகுத்துக் கொடுத்த திட்டத்தில் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் 4 இரவுகள், போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ டெல்டாவில் 3 இரவுகள், ஜிம்பாப்வேயில் விக்டோரியா அருவியின் அருகே 2 இரவுகள். கட்டணம் குறைவு என்பதால் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வழியாகச் செல்லும் விமானத்தைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். சிறு முன்பணம் தவிர இன்னும் எதுவும் செலுத்தவில்லை.

மாமியார் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை. இந்தப் பயணமே அவருடைய பல ஆண்டு ஆசை. அவருக்கு 18 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இரவில் இன்சுலின், காலையில் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை, இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, அதோடு சிறுநீரை அதிகம் வெளியேற்றும் மாத்திரை ஒன்று. கடந்த ஆண்டுப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்த அளவு) 1.6, எடை 58 கிலோ. வாசகியின் கேள்விகள் நான்கு. ஆப்பிரிக்கா என்றால் எல்லோரும் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டே ஆக வேண்டுமா? மலேரியாவுக்கும் ஊசி வந்துவிட்டதாகச் சொல்கிறார்களே, அதைப் போட்டுக்கொள்ளலாமா. இல்லையென்றால் மருந்துக் கடைக்காரர் கொடுத்த குளோரோகுவின் போதுமா? மாமியாருக்குச் சென்னையில் இருந்தபோது இருமுறை மலேரியா வந்து போனதால் அவருக்கு எதிர்ப்புச் சக்தி இருக்குமா? இவற்றையெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "இவ்வளவு சிக்கல் இருக்கிறதே, அத்தையை மட்டும் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டுப் போவதுதான் நல்லது என்று நீங்கள் எழுதினால் அவர் கேட்பார்" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றவை எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகின்றன. அத்தை வர வேண்டாம் என்று நான் எழுதப் போவதில்லை. அவருடைய உடல்நிலை கவனம் கோருவதுதான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் திட்டத்தில் அதிக ஆபத்துக்கு உள்ளாகிறவர் அவர் மட்டும் அல்லர். உங்கள் மகனும் அதே அளவுக்கு உள்ளாகிறான். அவனை விட்டுவிட்டுப் போவதைப் பற்றி நீங்கள் யோசிக்கவில்லை, யோசிக்கவும் வேண்டாம். மாற்ற வேண்டியது ஆட்களை அல்ல, இடங்களையும் பாதையையும். எந்தப் பூங்கா, எந்த மாதம், எந்த விமான நிலையம் என்ற மூன்றையும் முடிவு செய்த பிறகு மருத்துவரிடம் வருகிறவர்களுக்கு நாங்கள் மாத்திரைகளைத்தான் எழுதித் தர முடியும். நீங்கள் முன்பணத்தோடு நின்றிருப்பது நல்ல வேளை.

மஞ்சள் காய்ச்சல் ஊசி யாருக்கு

ஆப்பிரிக்கா ஒரே நாடு அல்ல என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் தடுப்பூசி என்று வரும்போது அதை மறந்துவிடுகிறோம். மஞ்சள் காய்ச்சல் அந்தக் கண்டத்தின் நடுப்பகுதியிலும் மேற்கிலும் கிழக்கின் சில நாடுகளிலும் இருக்கும் நோய். நீங்கள் செல்லவிருக்கும் தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே மூன்றிலும் அது இல்லை. ஆகவே நோயிலிருந்து தப்பிப்பதற்காக உங்கள் குடும்பத்தில் யாருக்கும் இந்த ஊசி தேவையில்லை.

சிக்கல் வருவது பாதையால். எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் இருப்பவை. அத்தகைய நாட்டிலிருந்து வருகிற, அல்லது அதன் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து வருகிற, ஒரு வயதைக் கடந்த ஒவ்வொருவரிடமும் தென்னாப்பிரிக்கா ஊசிச் சான்றிதழைக் கேட்கிறது. இந்தியாவின் விதி இன்னும் கடுமையானது. அபாயமுள்ள நாட்டை விட்டுப் புறப்பட்ட 6 நாட்களுக்குள் சான்றிதழ் இல்லாமல் இங்கே வந்து இறங்குபவரை அந்த 6 நாட்கள் முடியும்வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் விமானம் மட்டும் மாறியவர்களுக்கு விலக்கு உண்டு. அதையும் சுகாதார அதிகாரி ஏற்க வேண்டும். மூன்று மணி நேர இடைவெளியில் விமானம் மாறுவதாகத்தான் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் பயணத்திட்டம் சொல்கிறது. அந்த இணைப்பு விமானம் தவறி, ஓர் இரவு அடிஸ் அபாபாவில் விடுதியில் தங்க நேர்ந்தால் விலக்குக்கான காரணமே போய்விடுகிறது.

"அப்படியென்றால் நால்வரும் போட்டுக்கொண்டு போய்விடலாமே" என்று தோன்றும். உங்களுக்கும் கணவருக்கும் மகனுக்கும் அதில் பெரிய தடை இருக்காது. முட்டை ஒவ்வாமை இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஆனால் இது உயிருள்ள, வலுக்குறைக்கப்பட்ட வைரஸைக் கொண்டு செய்த ஊசி. 60 வயதைக் கடந்த பிறகு முதல்முறையாகப் போடும்போது, அந்த வைரஸே கல்லீரல் முதலான உறுப்புகளைத் தாக்கும் கடுமையான பின்விளைவு சற்றே கூடுதலாகக் காணப்படுகிறது. லட்சம் பேரில் ஒருவர் என்ற அளவிலான அரிய நிகழ்வுதான். நோய் இருக்கும் நாட்டுக்குப் போகிறவராக இருந்தால் நானே போட்டுக்கொள்ளச் சொல்வேன். நோயே இல்லாத நாட்டுக்கு, விமானக் கட்டணத்தில் சில ஆயிரங்களை மிச்சப்படுத்துவதற்காக, 68 வயதானவருக்கு அந்த ஊசியைப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வளைகுடா நகரங்களான துபாய், தோஹா வழியாக ஜோஹன்னஸ்பர்க் போங்கள். ஊசியும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம்.

பிற்காலத்தில் கென்யா போன்ற, அந்த நோய் இருக்கும் நாடுகளுக்குப் போகும் எண்ணம் உங்கள் இருவருக்கும் இருந்தால் அப்போது போட்டுக்கொள்ளுங்கள். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே இந்த ஊசி செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையம் அவற்றுள் ஒன்று. ஊசி போட்ட 10ஆம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லுபடியாகும். 2016க்குப் பிறகு அது ஆயுள் முழுவதற்கும் போதுமானது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டும் என்பது பழைய விதி.

மலேரியா: குளோரோகுவின் ஏன் போதாது

மலேரியாவுக்கு ஊசி வந்திருப்பது உண்மை. உலக சுகாதார நிறுவனம் 2021இலும் 2023இலும் இரண்டு தடுப்பூசிகளைப் பரிந்துரைத்தது. இரண்டாவது புனேயில் தயாராவது என்பதில் நமக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அவை மலேரியா நிலவும் பகுதிகளிலேயே வாழும் சிறு குழந்தைகளுக்காக, பல தவணைகளில் கொடுக்கப்படுபவை. பத்து நாள் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு அவை பரிந்துரைக்கப்படுவதில்லை.

அத்தையின் பழைய மலேரியாவைப் பற்றி நீங்கள் நினைப்பதும் சரியல்ல. சென்னையில் மாடித் தொட்டிகளிலும் கிணறுகளிலும் பெருகும் கொசுக்களால் பரவி வந்தது பெரும்பாலும் வைவாக்ஸ் வகை மலேரியா. குளிரும் காய்ச்சலும் ஆளை முறித்துப் போடும் என்றாலும் உயிரைப் பறிப்பது அரிது. தென் ஆப்பிரிக்கப் பகுதியில் இருப்பது ஃபால்சிபாரம் வகை. சிகிச்சை இரண்டு மூன்று நாள் தாமதமானாலே மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது. ஒரு வகைக்கு எதிராக எப்போதோ உண்டான எதிர்ப்புச் சக்தி மற்றொரு வகையிடமிருந்து காப்பாற்றாது. மலேரியா எதிர்ப்புச் சக்தி தொடர்ந்து கடிபட்டுக்கொண்டே இருந்தால்தான் நிற்கும், இல்லையென்றால் சில ஆண்டுகளில் கரைந்துவிடும். அதே காரணத்தால்தான் குளோரோகுவினும் உதவாது. இங்குள்ள வைவாக்ஸுக்கு அது இன்றும் நல்ல மருந்து. அங்குள்ள ஃபால்சிபாரம் அதற்கு எப்போதோ பணியாமல் போய்விட்டது. மருந்துக் கடைக்காரர் கெட்ட எண்ணத்தோடு கொடுக்கவில்லை, ஆனால் அந்த அட்டையை நீங்கள் பயணப் பெட்டியில் வைத்தால் பாதுகாப்பு இருக்கிறது என்ற பொய்யான நிம்மதியைத்தான் எடுத்துப் போகிறீர்கள்.

முன்தடுப்புக்குப் பயன்படும் மருந்துகள் மூன்று. அடோவாகுவோனும் புரோகுவானிலும் சேர்ந்த மாத்திரையைப் புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, மலேரியாப் பகுதியை விட்டு வந்த பின் 7 நாட்கள் வரை தினமும் எடுக்க வேண்டும். பக்கவிளைவு குறைவு, விலை அதிகம், எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைப்பதில்லை. டாக்ஸிசைக்கிளின் மலிவானது, எங்கும் கிடைப்பது. ஆனால் திரும்பிய பிறகு 4 வாரங்கள் தொடர வேண்டும், வெயிலில் தோல் சிவந்து எரியலாம், நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். மெஃப்லோகுவின் வாரத்துக்கு ஒன்று. மனச்சோர்வோ வலிப்போ இதயத் துடிப்புக் கோளாறோ உள்ளவர்களுக்கு ஆகாது, மற்றவர்களுக்கும் சில சமயம் கெட்ட கனவுகளையும் பதற்றத்தையும் தரும்.

இப்போது உங்கள் வீட்டு ஆட்களை இந்த மூன்றோடும் பொருத்திப் பாருங்கள். மகனுக்கு 6 வயது. 8 வயதுக்குக் கீழே டாக்ஸிசைக்கிளினை நாங்கள் முன்தடுப்புக்குக் கொடுப்பதில்லை. அடோவாகுவோன் கலவையில் குழந்தைகளுக்கான சிறு மாத்திரை நம் ஊரில் எளிதில் அகப்படாது. அத்தையின் கிரியேட்டினின் 1.6 என்பதைச் "சற்றே அதிகம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய வயது, எடை இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 30க்கு மிக அருகில் வருகிறது. 30க்குக் கீழே போனால் அந்தக் கலவையைத் தடுப்புக்குக் கொடுக்கக் கூடாது. அதுவும் ஓராண்டுக்கு முந்தைய அளவு. ஆக, மெஃப்லோகுவினை விட்டுவிட்டால் அவருக்கு மிஞ்சுவது டாக்ஸிசைக்கிளின், மகனுக்கு மிஞ்சுவது தேடிப் பிடிக்க வேண்டிய மாத்திரை. கொடுக்கவே முடியாது என்று சொல்லவில்லை. மாத்திரை தவறாமல், வேளை தவறாமல், நான்கு பேருக்கு நான்கு விதமாக ஒரு விடுமுறையை நடத்துவது எப்படியிருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இடத்தை மாற்றினால்

உங்கள் முகவர் வகுத்த மூன்று இடங்களும் மலேரியாப் பகுதிகளே. க்ரூகரில் அபாயம் பொதுவாகக் குறைவு என்பதையும், குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அது மேலும் குறையும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் தென்னாப்பிரிக்கச் சுகாதாரத் துறை மலேரியாப் பருவமாகக் கொள்வது செப்டம்பர் முதல் மே வரை. நம் பள்ளி விடுமுறை அதன் வாலில் போய் விழுகிறது. 2017இல் க்ரூகரை ஒட்டிய லிம்போபோ மாகாணத்தில் நோய் திடீரெனப் பெருகியதை நினைவில் வைத்தால், "போன வருடம் போனவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்ற பேச்சுக்கு அதிக மதிப்புக் கொடுக்க முடியாது. க்ரூகரை ஒட்டி வேலியில்லாமல் கிடக்கும் தனியார் காப்பகங்களுக்கும் இதுவே பொருந்தும். விடுதி எவ்வளவு ஆடம்பரமானது என்பது கொசுவுக்குத் தெரியாது.

ஒக்கவாங்கோவைப் பற்றி நான் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். அங்கோலாவின் மலைகளில் பெய்த மழை மாதக்கணக்கில் நகர்ந்து வந்து, போட்ஸ்வானாவில் மழையே இல்லாத காலத்தில் பாலைமணலின் மேல் வெள்ளமாக விரிகிற இடம் அது. 2014இல் யுனெஸ்கோவின் ஆயிரமாவது பாரம்பரியத் தலமானது. விலங்கியல் ஆசிரியைக்கு அதைவிட நல்ல வகுப்பறை இருக்காது. ஆனால் அங்குள்ள முகாம்கள் பலவற்றுக்குச் சிறு விமானத்தில் மட்டுமே போக முடியும். மண்ணில் சமன்செய்த ஓடுபாதைகளில் விளக்குகள் கிடையாது, இருட்டிய பிறகு எந்த விமானமும் வராது. இரவு 9 மணிக்கு அத்தைக்கு நெஞ்சுவலியோ மகனுக்குக் கடும் காய்ச்சலோ வந்தால் விடியும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. முகாம்களுக்கு வேலியும் இல்லை. யானையும் நீர்யானையும் கூடாரங்களுக்கு நடுவே நடந்து போகும் என்பதால்தான் பல முகாம்கள் சிறுவர்களை ஏற்பதில்லை. உங்கள் மகனின் வயதை முகவர் அந்த முகாமுக்குத் தெரிவித்தாரா என்பதையே முதலில் கேளுங்கள்.

இவற்றுக்குப் பதிலாக நான் பார்க்கச் சொல்வது தென்னாப்பிரிக்காவிலேயே உள்ள மலேரியா இல்லாத காப்பகங்களை. போட்ஸ்வானா எல்லையை ஒட்டி, ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து சாலையில் நான்கைந்து மணி நேரத் தொலைவில் இருக்கிறது மடிக்வே. தேய்ந்துபோன பண்ணை நிலங்களாக இருந்த அந்தப் பரப்பு 1991இல் காப்பகமானது. அடுத்த சில ஆண்டுகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட விலங்குகளை வேறு இடங்களிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம் எல்லாம் உண்டு. மற்ற இடங்களில் எளிதில் காணக் கிடைக்காத ஆப்பிரிக்கக் காட்டுநாய்களும் உண்டு. பகல்நேரப் பார்வையாளர்களுக்கு அனுமதியில்லை, விடுதியில் தங்குபவர்கள் வழிகாட்டியோடு மட்டுமே உலாப் போக முடியும் என்பதால் நீங்கள் விரும்பும் முறையான, வழிகாட்டியுடனான சஃபாரி அங்கே இயல்பாகவே அமைகிறது. இன்னும் அருகில் வேண்டுமென்றால், பழைய எரிமலையின் வட்டக் குன்றுகளுக்குள் இருக்கும் பிலானெஸ்பர்க், ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குள். கிழக்குக் கேப் மாகாணத்தின் அட்டோ, ஒருசில யானைகளே எஞ்சியிருந்த 1931இல் தொடங்கப்பட்டு இன்று அறுநூற்றுக்கும் மேற்பட்ட யானைகளைக் கொண்ட தேசியப் பூங்கா.

மடிக்வேயில் 4 இரவுகள், பிறகு உள்நாட்டு விமானத்தில் போய் அட்டோவில் 3 இரவுகள், மிச்ச நாட்கள் கேப் டவுனில் என்று வைத்துக்கொண்டால் உங்கள் பயணம் முழுவதும் மலேரியா மாத்திரை இல்லாமலே முடிகிறது. ஒரே விசா போதும் என்பது கூடுதல் வசதி. மகனின் முழு விவரம் கொண்ட பிறப்புச் சான்றிதழை விசா விண்ணப்பத்தோடு கேட்பார்கள், இப்போதே எடுத்து வையுங்கள். விக்டோரியா அருவியை நீங்கள் இழக்கிறீர்கள். அது இழப்புத்தான். மகன் வளர்ந்த பின் நீங்கள் மூவரும் போய்க்கொள்ளலாம்.

க்ரூகருக்கே போவது என்று குடும்பத்தில் முடிவானால் அதையும் பொறுப்பற்ற முடிவு என்று சொல்ல மாட்டேன். அப்போது பயணத்துக்கு 6 வாரம் முன்பாவது மகனை எடை பார்த்து மருந்து எழுதி வாங்க வேண்டும். மாலை முதல் விடியும்வரை முழுக்கை, முழுக்கால் ஆடை அணிய வேண்டும். டீட் (DEET) என்ற வேதிப்பொருள் கலந்த கொசுவிரட்டியைப் பெரியவர்கள் 20 முதல் 50 சதவீதச் செறிவிலும், மகன் 30 சதவீதத்துக்கு மேற்படாமலும் பூச வேண்டும். நம் ஊர்ப் பூச்சுகளில் செறிவு பெரும்பாலும் இதைவிடக் குறைவு. மேலுறையைப் படித்து வாங்குங்கள்.

அத்தையின் நாள் எப்படிப் போகும்

மலேரியாவை ஒதுக்கிவிட்டால் அத்தைக்கு எஞ்சுவது சஃபாரியின் நேர அட்டவணை. இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் முதியவர்களுக்குத் தொல்லை இங்கேதான் வருகிறது. விடுதிகளில் விடிவதற்கு முன்பே எழுப்பிவிடுவார்கள். ஒரு கோப்பைக் காபி, ஒன்றிரண்டு ரஸ்க், உடனே வண்டி. திரும்பி வந்து காலை உணவில் உட்கார ஒன்பதரை பத்து மணியாகிவிடும். முந்தைய இரவு இன்சுலின் போட்டு, காலையில் கிளிமிபிரைடையும் விழுங்கிவிட்டு இவர் வண்டியில் ஏறினால் நடுக்காட்டில் சர்க்கரை இறங்கும். சிறுநீரகம் மெதுவாக வேலை செய்வதால் மருந்தின் வேகம் நீண்ட நேரம் நிற்கும். ஆகவே உலா நாட்களில் கிளிமிபிரைடை முழுக் காலை உணவோடு மட்டும் எடுப்பது, இரவு இன்சுலின் அளவைச் சற்றுக் குறைப்பது பற்றி அவருடைய மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். புறப்படும் முன் இரண்டு ரொட்டித் துண்டோ வாழைப்பழமோ சாப்பிட வேண்டும். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்க வேண்டும். வழிகாட்டிக்கு அவர் சர்க்கரை நோயாளி என்பது தெரிந்திருக்க வேண்டும்.

சிறுநீர் மாத்திரையும் அப்படித்தான். அதை விடிகாலையில் விழுங்கிவிட்டு மூன்று மணி நேரம் திறந்த வண்டியில் உட்கார முடியாது. சிங்கத்தைத் தொடர்ந்து போகும்போது வழிகாட்டி நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட முடியாது, சுற்றிலும் பார்த்துப் பாதுகாப்பான இடத்தில்தான் இறக்குவார். கூச்சத்தால் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடும் நம் வீட்டுப் பெண்களை எனக்குத் தெரியும். அத்தையின் சிறுநீரகத்துக்கு அது நல்லதல்ல. மாத்திரையைக் காலை உலா முடிந்த பின்னர் எடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டால் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மே மாதத்தில் அங்கே குளிர் தொடங்கிவிடும். விடிகாலையில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கும், வண்டி திறந்தது, காற்று முகத்தில் அறையும். கோவையின் மார்கழிக்கு எடுக்கும் சால்வை அங்கே போதாது. காதை மூடும் தொப்பி, கையுறை, காற்றுப் புகாத மேலங்கி வேண்டும். வண்டியின் கடைசி வரிசை உயரமானது, நன்றாகத் தெரியும், ஆனால் குலுக்கலும் அங்கேதான் அதிகம். அத்தைக்கு ஓட்டுநருக்குப் பின்னாலுள்ள முதல் வரிசையைக் கேட்டு வாங்குங்கள். தரையில் நடந்து போகும் உலாக்களில் 12 வயதுக்கு உட்பட்டவர்களைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை, 65ஐக் கடந்தவர்களுக்கும் தடையோ மருத்துவச் சான்றோ உண்டு. இதனால் பாட்டியும் பேரனும் விடுதியின் நீர்க்குட்டையைப் பார்த்தபடி ஒன்றாக இருக்கப் போகும் காலை ஒன்று அமையும். அது ஒன்றும் மோசமான காலை அல்ல.

இன்சுலினைக் கைப்பையில் மட்டும் எடுத்துச் செல்லுங்கள், சரக்குப் பெட்டியில் போட்டால் உறைந்து கெட்டுவிடலாம். மருந்துச் சீட்டு, மருத்துவரின் ஆங்கிலக் கடிதம், ஒரு வாரத்துக்குக் கூடுதலான மருந்து ஆகியவை உடன் இருக்கட்டும். ஏப்ரல் மாதத்திலேயே ஃப்ளூ தடுப்பூசி போட்டுவிடுங்கள். தெற்கில் ஃப்ளூ பரவும் பருவம் அப்போதுதான் தொடங்குகிறது, அத்தையைப் பொறுத்தவரை அது மஞ்சள் காய்ச்சலைவிட நூறு மடங்கு நிஜமான அபாயம்.

காப்பீட்டில் ஒரு எச்சரிக்கை. பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை நோயையும் கிரியேட்டினினையும் மறைக்காதீர்கள். மறைத்தால் தவணை குறையும், கேட்பு வரும்போது தள்ளுபடியாகும். முன்பே உள்ள நோய்களுக்கும், மருத்துவ விமானத்தில் நகரத்துக்குக் கொண்டு செல்வதற்கும் பாதுகாப்பு இருக்கிறதா என்று பத்திரத்தில் வாசித்துப் பாருங்கள். அங்கே தனியார் மருத்துவமனைகள் அனுமதிக்கும் முன்பே பணத்துக்கு உத்தரவாதம் கேட்பது வழக்கம்.

மகனுக்கு

சுருக்கமாகவே சொல்கிறேன். 6 வயதை எட்டாத குழந்தைகளைப் பல விடுதிகளும் திறந்த வண்டியில் ஏற்றுவதில்லை; உங்கள் மகன் அந்த வரம்பில் நிற்கிறான், எனவே ஒவ்வொரு விடுதியிடமும் அவன் பிறந்த தேதியைச் சொல்லி எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். வண்டியில் எழுந்து நிற்கவும் கத்தவும் கூடாது என்பதை இங்கிருந்தே பழக்குங்கள். விலங்குகள் வண்டியையும் அதிலிருப்பவர்களையும் ஒரே உருவமாகப் பார்த்துப் பழகியவை. ஒருவர் எழுந்து நின்றால் அந்த உருவம் குலைகிறது. இருட்டிய பிறகு அறைக்கும் உணவுக்கூடத்துக்கும் இடையே விடுதிக் காவலர் துணையில்லாமல் ஓர் அடி கூடப் போகக் கூடாது. குரங்குகளுக்கும் பபூன்களுக்கும் தின்பண்டம் நீட்டக் கூடாது; கடித்தோ கீறியோ விட்டால் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே வெறிநோய்த் தடுப்பூசிக்குப் போக வேண்டும். ஆறு, குளம், அணைநீர் எதிலும் கால் நனைக்க வேண்டாம்: முதலை ஒரு காரணம், நத்தைகள் வழியாகப் பரவும் பில்ஹார்சியா என்ற புழுநோய் மற்றொன்று.

திரும்பி வந்த பிறகு

மலேரியாப் பகுதிக்குப் போயிருந்தால், அங்கிருந்து வந்த மூன்று மாதங்களுக்குள் வரும் எந்தக் காய்ச்சலையும், மாத்திரை முறையாக எடுத்திருந்தாலும், மலேரியா அல்ல என்று நிரூபிக்கப்படும்வரை மலேரியாவாகவே கொள்ள வேண்டும். நம் ஊரில் காய்ச்சல் என்று போனால் டெங்குவுக்கும் டைபாய்டுக்கும் இரத்தம் எடுப்பார்கள். அது நம் ஊருக்குச் சரி. ஆப்பிரிக்கா போய் வந்ததை நோயாளி சொல்லாததாலும் மருத்துவர் கேட்காததாலும் நான்கைந்து நாட்கள் வீணானவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஃபால்சிபாரத்துக்கு அந்த நான்கைந்து நாட்கள் தாராளம். அன்றே இரத்தப் பூச்சுப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள், முதல் முறை ஒன்றும் தெரியாவிட்டால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மறுபடியும், தேவையென்றால் மூன்றாவது முறையும். சிறுவர்களுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, இருமல் என்று வேறு முகத்தோடு தொடங்குவதும் உண்டு.

மலேரியா இல்லாத காப்பகத்துக்கு மட்டும் போய் வந்தாலும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். புல்வெளியில் நடந்தவர்களுக்கு உண்ணி கடித்து, ஒரு வாரம் பத்து நாளில் காய்ச்சலும் தலைவலியும், கடித்த இடத்தில் கருநிறப் பொருக்கும் வரலாம். ஆப்பிரிக்க உண்ணிக் காய்ச்சல் என்று அதற்குப் பெயர். உரிய மருந்தில் விரைவில் குணமாகும், ஆனால் இடுப்பு, முழங்காலின் பின்புறம், மகனின் தலைமுடி ஆகியவற்றைத் தினமும் மாலை பார்த்துவிட்டால் பெரும்பாலும் அதுவரை போகாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். அத்தைக்குக் கிரியேட்டினினும், மூன்று மாதச் சர்க்கரை அளவும், ஓர் ஈ.சி.ஜி.யும் எடுங்கள். முடிவுகளையும் இந்தப் பதிலையும் அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். உயிரியலை முப்பது ஆண்டு கற்பித்தவருக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை. நாத்தனார் வீடா மடிக்வேயா என்பதை அவரே உங்களிடம் சொல்லட்டும்.